அது நான் பேசினது இல்ல

தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்குச் சன்னமாகப் பேச வராது. தறிப்பலகை விழுகிற சத்தத்துக்கு மேலே ஏறித்தான் சோறு போடச் சொல்ல வேண்டும், சண்டை போட வேண்டும், சமாதானமும் ஆக வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் சங்கரி பிறந்த வீட்டிலும் தறி, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் தறி. அவள் வாசலில் நின்று வாயைத் திறந்தால் தெருக்கோடியில் துணி தேய்க்கிறவர் பெட்டியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்ப்பார். புருஷன் தினகரன் அதற்கு நேர் எதிர். காலையில் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தால் பொழுது சாய்கிறவரை கைதான் பேசும், வாய் பேசாது. வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் சங்கரியே பேசித் தீர்த்தாள்.

அந்தக் குரல் வியாபாரத்துக்கு வந்தது தற்செயலாகத்தான். தினகரனின் அண்ணன் மாணிக்கவேல் அடுத்த தெருவில் சேலைக்கடை வைத்திருந்தார். கொரோனாவில் ஆள் வரத்து நின்றுபோன சமயம், அவருடைய மருமகன் சந்தோஷ்குமார் ஒரு போனை ஸ்டாண்டில் மாட்டி, லைவ் போட்டு விற்கலாம் என்றான். போனைப் பார்த்ததும் மாணிக்கவேலுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தினகரன் நெய்து முடித்த சேலையைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்த சங்கரி, இதற்கு இத்தனை முழியா என்று அந்தச் சேலையையே உதறிப் பிடித்தாள்.

"இது அரக்கும் இல்ல, செவப்பும் இல்ல. மருதாணி வெச்சிக்கினு படுத்து, காலைல கழுவினா கை எப்படி இருக்கும்? அந்தக் கலரு. மணவறையில உக்காந்தா பொண்ணு கை எது, சேலை எதுன்னு தெரியாது."

அவள் மடித்து வைப்பதற்குள் அது விற்றுப்போயிற்று.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் சங்கரி லைவ். சேலத்திலும் திருநெல்வேலியிலும் சிங்கப்பூரிலும் பெண்கள் வேலையை முடித்துவிட்டு அவளைக் கேட்க உட்கார்ந்தார்கள். வாங்காதவர்களும் கேட்டார்கள். நல்லதை மட்டும் சொல்லி விற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு சேலையில் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஒரு இடத்தில் தடித்திருந்தால் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, தெரிந்தே வாங்குங்கள் என்பாள். மாணிக்கவேல் பின்னாலிருந்து பல்லைக் கடிப்பார். ஆனால் தொட்டுக் காட்டிய சேலையும் விற்றதால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அவளுக்கு வந்த நோயைக் கண்டுபிடித்ததும் அந்த லைவில் இருந்த ஒரு பெண்தான். எங்கேயோ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். நீங்கள் தண்ணீர் குடிக்கும்போது கழுத்தில் ஏதோ ஏறி இறங்குகிறது அக்கா, டாக்டரிடம் காட்டுங்கள் என்று கீழே எழுதியிருந்தாள். சேலையைப் பாரும்மா, கழுத்தை எதற்குப் பார்க்கிறாய் என்று சங்கரி சிரித்து மழுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று ஒரு சொம்பு தண்ணீரை வாய் வாயாகக் குடித்துப் பார்த்தாள். குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, இடது பக்கம், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒன்று எழும்பி அடங்கியது.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்து, தைராய்டில் புற்றுநோய் என்றார்கள். அறுவை செய்ய இருந்த டாக்டரம்மா நிதானமானவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். இது மெதுவாக வளர்கிற வகை, எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டி உட்கார்ந்திருக்கிற இடம் சரியில்லை. குரல் நாணை ஆட்டுகிற நரம்பை அது கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"நரம்ப உட்டுட்டு கட்டிய மட்டும் எடுக்க முடியாதாம்மா?" என்று கேட்டாள் சங்கரி.

"முடிஞ்சவரைக்கும் பாக்கறேன். ஆனா நீங்களா, நரம்பான்னு வந்துட்டா நான் உங்களைத்தான் பாப்பேன்."

பொங்கல் கழிந்து அறுவை நடந்தது. உள்ளே நிலைமை அப்படித்தான் வந்துவிட்டது. மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் சங்கரி பக்கத்தில் நின்ற மகள் அகிலாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் காற்றுதான். அகிலா குனிந்து காதைக் கொண்டுவந்து, இன்னாமா, இன்னாமா என்று கேட்டாள். சங்கரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டி போயிற்று, நரம்பும் போயிற்று. இடது பக்க நாண் அசையாமல் திறந்தே நின்றது. பேசினால் பாதி மூச்சு அந்தச் சந்து வழியாக ஓடிவிடும். ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டும். தண்ணீர் குடித்தால் புரையேறும். கால்சியம் இறங்கி விரல் நுனியெல்லாம் ஊசி குத்தும். அதற்கெல்லாம் மாத்திரை இருந்தது. குரலுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை லைவும் நின்றுபோயிற்று.

வீட்டுக்கு வந்தபிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. தறி ஓடுகிற வீட்டில் அவள் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. அவள் உதடு அசைந்தால் போதும், தினகரன் தறியை நிறுத்திவிடுவார். நூலை இழுத்துப்போகிற நாடா பாதியில் நிற்கும், வீடு கப்பென்று அடங்கும், அவர் நிமிர்ந்து அவள் வாயையே பார்ப்பார். பரிவோடுதான் செய்தார். ஆனால் ஒவ்வொரு தடவை தறி நிற்கும்போதும் தெருவே நின்று அவளைத் திரும்பிப் பார்ப்பது போல அவளுக்கு உடம்பு கூசியது. உப்பு இருக்கிறதா என்று கேட்கக்கூட ஒரு தறியை நிறுத்த வேண்டுமா என்று ஆத்திரப்பட்டுக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிடுவாள்.

பார்க்க வந்தவர்கள் அவளுக்குக் காது கேட்காதது போல உரக்கப் பேசினார்கள். சிலர் அவள் எதிரிலேயே தினகரனிடம், சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று விசாரித்தார்கள். தினகரன் பதில் சொல்வதற்குள் சங்கரி சுவரில் கையால் ஓங்கித் தட்டுவாள். தட்டிவிட்டு, தன் பக்கம் திரும்பிய முகத்தைப் பார்த்து, மூச்சு வாங்கி வாங்கித் தானே பதில் சொல்வாள். கேட்டவர்களுக்கு அவசரமாக இருந்தாலும் முடிகிறவரை விடமாட்டாள். தினகரனின் சித்தி ஒருத்தி காபி குடித்துக்கொண்டே, இனிமேலாவது எங்கள் பிள்ளைக்கு வீட்டில் கொஞ்சம் நிம்மதி என்று சிரித்தாள். சங்கரி எழுந்துபோய் அவள் கையிலிருந்த டம்ளரைப் பாதிக் காபியோடு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க சுகாசினி என்று ஒரு பெண் இருந்தாள். கண்டிப்பானவள். கிசுகிசுத்துப் பேசவே கூடாது, அது இருக்கிற நாணையும் கெடுக்கும் என்றாள். மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தண்ணீர் விழுங்கப் பழக்கினாள். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டு முனகிக்கொண்டே ஊதச் சொன்னாள். இரண்டு கையாலும் சுவரைத் தள்ளிக்கொண்டு 'ஆ' என்று சொல்லச் சொன்னாள். சங்கரி சுவரைத் தள்ளவில்லை, தறி மரத்தைத் தள்ளினாள். தினகரன் ஒருபக்கம் நெய்துகொண்டிருக்க, அவள் மறுபக்கம் மரத்தைப் பிடித்துத் தள்ளி 'ஆ' போடுவாள். தறி நிற்கக் கூடாது என்று கையால் சொல்லிவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு மேலே என்றைக்குத் தன் குரல் தன் காதுக்குக் கேட்கிறதோ அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. சித்திரையும் வைகாசியும் போயின. கேட்கவில்லை.

ஆனி மாதம் அவளைக் கதிர் மருந்து கொடுக்க உள்ளே சேர்த்தார்கள். அந்த மருந்தைக் குடித்தால் உடம்பிலிருந்து கதிர் வீசும், அதனால் தனி அறை, யாரும் கிட்டே வரக் கூடாது. அதற்கு முன்னால் தைராய்டு மாத்திரையை நிறுத்தி வைத்திருந்ததால் உடம்பு நனைந்த சேலை மாதிரிக் கனத்தது. கடல் மீன் கிடையாது, வழக்கமான உப்பு கிடையாது. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். பேச ஆள் இல்லாத அந்த இடத்தில் குரல் இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை என்பது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

அங்கே இருக்கும்போதுதான் போன் வந்தது. சேலத்து ரேணுகாம்பாள். ரிட்டையரான டீச்சர், ஆரம்பத்திலிருந்து லைவ் பார்க்கிறவர், அறுவையில் குரல் போனது தெரிந்தவர், மகள் கல்யாணத்துக்கு மொத்தப் பட்டும் சங்கரி சொல்லித்தான் எடுத்தார். சங்கரி போனை எடுத்து, பயிற்சியில் சொன்னபடி மூச்சைப் பிடித்து, "சொல்லுங்க" என்றாள்.

ரேணுகாம்பாள், யார் பேசுவது, சங்கரியிடம் கொடுங்கள் என்றார்.

"நான்தான்... சங்கரி."

"விளையாடாதீங்கம்மா. சங்கரி குரல் எனக்குத் தெரியாதா? நேத்துகூட வீடியோல கணீர்னு பேசினாளே. குரல் வந்துருச்சே, ஒரு வார்த்தை சொல்லலாம்னு கூப்பிட்டேன். நீங்க அவகிட்ட குடுங்க."

சங்கரி போனை வைத்துவிட்டாள். கடையின் பக்கத்தைத் திறந்தாள். யாருடைய கையோ சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. மேலே அவள் குரல் ஓடியது. அவளுடைய பழைய குரல், அதே ஏற்றம், அதே இழுப்பு. அவள் ஒருநாளும் சொல்லாத வார்த்தைகளை அது சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு அனுப்பியபோது கொஞ்ச நாளைக்கு ஆட்களிடமிருந்து விலகி இருக்கச் சொன்னார்கள். அந்தக் கெடு முடிந்த காலையில் சங்கரி தலைக்குக் குளித்துவிட்டு நேரே கடைக்குப் போனாள். மாணிக்கவேல் கல்லாவில் இருந்தார். சந்தோஷ்குமார் போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு படம் சரிசெய்துகொண்டிருந்தான். மேலே மின்விசிறி கடகடத்தது. சங்கரி கண்ணாடிக் கதவைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், சந்தோஷ்குமாரின் போனை வாங்கிப் பாட்டையும் நிறுத்தினாள்.

"என்னால கத்த முடியாது," என்றாள். மூச்சு வாங்கினாள். "நீங்க ரெண்டு பேரும் வாய மூடிக்கினா போதும்."

சந்தோஷ்குமாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. அத்தைக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் செய்ததாகச் சொன்னான். "அது உங்க குரல்தான் சின்னத்தை. பழைய வீடியோ எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குக் குடுத்தேன். இப்ப நாம எழுதிக் குடுத்தா அது அப்படியே பேசுது. கேட்டுப் பாருங்களேன்." ஒரு வீடியோவை ஓடவிட்டான்.

கேட்டபோது சங்கரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒளிப்பானேன், இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போல ஆசையாகத்தான் இருந்தது. தான் செத்துப்போய் யாரோ தன்னைப் பற்றி நல்லதாகப் பேசுவதைக் கேட்பது போல இருந்தது. அப்போது அந்தக் குரல் கடல்பச்சை நிறச் சேலை ஒன்றைக் காட்டி, நானே தொட்டுப் பார்த்தேன், பட்டு வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றது.

அந்தச் சேலையை எடுத்துத்தரச் சொன்னாள். மடிப்பைப் பிரித்து விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கஞ்சி ஏறி மொடமொடவென்று இருந்தது.

"வெண்ணெயா இது?"

சந்தோஷ்குமார் சேலையை வாங்கி மடிக்கக் கையை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

"நான் எப்போ இதத் தொட்டேன், மாப்ள?"

சந்தோஷ்குமார் மாமனாரைப் பார்த்தான். மாணிக்கவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊரில் எல்லாரும் அவள் குரலைத்தான் கேட்கிறார்கள், அது இருக்கிறது, அவள் கஷ்டப்படாமல் அதுவே பேசிவிட்டுப் போகட்டும், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. நியாயம் பேசுகிற தோரணைதான் இருந்தது. அதுதான் சங்கரிக்குப் பொறுக்கவில்லை.

"என் குரலு செத்துடுச்சுன்னா செத்துட்டுப் போவுது, மாமா." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "பொணத்துக்குப் பொடவ கட்டி... ஊர்வலம் உடாதீங்க."

"அப்ப லைவ்ல யாரு பேசறது?"

"நான்தான்."

"இந்தக் குரல வெச்சிக்கினா?"

"இருக்கறது இதான். வெள்ளிக்கிழமை வர்றேன்."

வந்தாள். கழுத்துத் தழும்பை மறைக்கத் துப்பட்டா ஒன்றை மாணிக்கவேலின் மகள் எடுத்து வைத்திருந்தாள். சங்கரி அதை மடித்து ஓரமாக வைத்தாள். கடைப்பக்கமே வராத தினகரன் அன்றைக்குத் தறியை விட்டுவிட்டு வந்து, போனுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்துகொண்டார். சேலையில் குத்திக்கொள்கிற மாதிரி சின்ன மைக் ஒன்று வாங்கி வந்திருந்தான் சந்தோஷ்குமார். அதை மட்டும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ஒரு மாசமா நீங்க கேட்டீங்களே," என்று ஆரம்பித்தாள், "அது நான் பேசினது இல்ல. மெஷினு. நான் இதான். எனக்குக் கேன்சரு வந்துச்சு. எடுத்தாச்சு. அதோட குரலு போச்சு. இப்படித்தான் பேசுவேன். மூச்சு வாங்கும். நிப்பேன். இஷ்டம் இருக்கறவங்க இருங்க."

கீழே எழுத்து ஓடியது. சவுண்டு சரியில்லை, ஸ்பீக்கரை மாற்றுங்கள் என்று சிலர். பேய் பேசுகிறது என்று ஒருவன். பாவம் அக்கா, ரெஸ்ட் எடுங்கள் என்று பலர். பேய் என்றவனை விட ரெஸ்ட் எடுக்கச் சொன்னவர்கள்தான் அவளை உசுப்பினார்கள். அவள் கடல்பச்சைச் சேலையை எடுத்து விரித்து, இது வெண்ணெய் இல்லை, கஞ்சி, இரண்டு தடவை கட்டினால் இறங்கும், அதுவரை பொறுத்துக்கொள்கிறவர்கள் வாங்கலாம் என்றாள். நடுவில் தண்ணீர் குடித்துப் புரையேறிற்று. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. சந்தோஷ்குமார் லைவை நிறுத்தக் கையை நீட்டினான். தினகரன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சங்கரி இருமி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சேலையை எடுத்தாள்.

அன்றைக்கு இருந்தவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே போய்விட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் குறைந்தார்கள். மாணிக்கவேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சங்கரி ஒரு வெள்ளிக்கிழமையும் விடவில்லை. மெஷின் பேசிய வீடியோக்களை ஒவ்வொன்றாக நீக்கச் சொல்லி, நீக்குகிறவரை சந்தோஷ்குமார் பக்கத்திலேயே நின்றாள். ரேணுகாம்பாள் ஒருநாள் கூப்பிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் அழுதார். சங்கரிக்கு மனசு முழுதாக ஆறவில்லை. அழுகை ஓய்கிறவரை காத்திருந்து, தீபாவளிக்கு என்ன கலர் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

பயிற்சியால் இனி வரக்கூடியது இவ்வளவுதான் என்று சுகாசினி புரட்டாசியில் சொன்னாள். ஆனால் இன்னொரு வழி இருந்தது. அசையாத நாணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வில்லையைச் செருகி, அதை நடுவுக்குத் தள்ளி நிறுத்திவிட்டால், அசைகிற நாண் வந்து அதைத் தொடும். சந்து அடைபடும். பழைய குரல் வராது, ஆனால் ஒரு குரல் வரும். அதற்கு மறுபடி கழுத்தைத் திறக்க வேண்டும். அதிலும் முழு மயக்கம் கொடுக்க மாட்டார்கள். நோயாளி பேசப் பேசத்தான் எவ்வளவு தள்ளுவது என்று டாக்டர் பார்க்க முடியும்.

வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. அகிலா ஆரணியிலிருந்து போனில் அழுதாள். உயிர் பிழைத்ததே பெரிது, குரலுக்காக விழித்துக்கொண்டே கழுத்தை அறுத்துக்கொள்வார்களா என்று மாணிக்கவேல் கேட்டார். கடைசியில் எல்லாரும் தினகரனைப் பார்த்தார்கள், அவர் தடுப்பார் என்று.

தினகரன் தடுக்கவில்லை. "அவ பேசாத வீட்டுல என்னால நெய்ய முடியல," என்றார். "பாவு நூலு அறுந்துக்கினே இருக்குது."

அந்த வருஷம் முழுவதும் அவர் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான். கார்த்திகையில் சென்னைக்குப் போனார்கள்.

மேசையில் படுக்கவைத்து, கழுத்து மரத்துப்போக ஊசி போட்டு, முகத்துக்குக் குறுக்கே பச்சைத் துணியைக் கட்டினார்கள். வலி இல்லை. யாரோ கழுத்துக்குள் கதவைத் திறந்து சாமான் நகர்த்துவது போல இருந்தது. எலும்பில் ஏதோ தேய்க்கிற சத்தம் உள்ளேயிருந்து காதுக்கு வந்தது. சங்கரி பயந்தாள். பயத்தில் கால் கட்டைவிரலை மடித்துக்கொண்டாள். டாக்டரம்மாவின் குரல் மேலிருந்து வந்தது. ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார்.

சங்கரி எண்ணினாள். காற்று. ஏதோ நகர்ந்தது. மறுபடி எண்ணச் சொன்னார்கள். கொஞ்சம் சத்தம் வந்தது. பாதியில் அவள் நிறுத்திவிட்டாள்.

"எண்ணறதுல எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. சேலை விக்கறேன். பாத்துக்கோங்க."

துணிக்கு அந்தப் பக்கம் யாரோ லேசாகச் சிரித்தார்கள். டாக்டரம்மா, சரி, விற்றுக் காட்டுங்கள் என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு சங்கரி மனசுக்குள் இல்லாத ஒரு சேலையை உதறினாள். "கத்திரிப்பூ கலரு. பிஞ்சுக் கத்திரிக்கா காம்பாண்ட ஒரு வெளிர்பச்சை இருக்கும் பாருங்க, கரைக்கு அந்தப் பச்சை." உள்ளே வில்லை நகர்ந்தது. வார்த்தையின் நடுவில் திடீரென்று குரல் தடித்தது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. "முந்தானையில மல்லி மொக்கு... மொக்கு மொக்கா..." மூச்சு வாங்காமல் ஒரு வரி முழுவதும் வந்துவிட்டது.

டாக்டரம்மாவுக்குத் திருப்தி. நல்லா வந்திருக்கு, இதோட நிறுத்திடலாமா என்று கேட்டார்.

"இல்ல. இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினார். குரல் கீச்சென்று இறுகியது, மூச்சு விசிலடித்தது. இதுக்கு மேல போனா படியேறவே முடியாது என்று சொல்லி டாக்டரம்மா பின்னுக்கு இழுத்தார். முன்னைவிடத் தளர்ந்துவிட்டது என்றாள் சங்கரி. மறுபடி முன்னால். மறுபடி பேச்சு. சேலையைத் துவைப்பது எப்படி, மடிப்பது எப்படி என்று எல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டது. கடைசியில் அவள் தலையை அசைக்காமல் கேட்டாள்: "கதவாண்ட யாருனா நிக்கறாங்களா?"

ஒரு நர்ஸ் நின்றிருந்தாள்.

"ஏம்மா, நான் பேசறது அங்க கேக்குதா?"

"கேக்குதும்மா. அந்தக் கத்திரிப்பூ சேலை எந்தக் கடையில இருக்கு?"

"இன்னும் நெய்யல," என்றாள் சங்கரி. டாக்டரிடம், "இங்கயே நிறுத்திடுங்கம்மா," என்றாள்.

வீக்கம் வடிந்து குரல் ஒரு நிலைக்கு வரத் தை பிறந்துவிட்டது. வந்த குரல் வேறு. கணீர் இல்லை, கரகரப்பு. ஆண்பிள்ளைக் கனம். பழைய சத்தத்தில் பாதி இருக்கும். அதிகம் பேசினால் சாயங்காலத்துக்குள் தேய்ந்துவிடும். போனில் தெரியாதவர்கள் எடுத்தவுடனே சார் என்கிறார்கள். சாரு இல்ல, சங்கரி என்று சொல்லிவிட்டு மேலே பேசுகிறாள். விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, வருஷத்துக்கு ரத்தப் பரிசோதனை. கடைசியாகப் பார்த்ததில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். லைவில் பழைய கூட்டம் திரும்ப வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. புதிதாகச் சிலர் வந்திருக்கிறார்கள். கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது எப்படி என்று நடுநடுவே அவள் சொல்லித்தருகிறாள். சேலை விற்கிற இடத்தில் அது எதற்கு என்று மாணிக்கவேல் இன்னும் முணுமுணுக்கிறார். அவள் இன்னும் சொல்லித்தருகிறாள்.

மாசி மாதம் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டினார்கள். வெட்டிப்போட்டவர்கள் மண் போட்டு மூடாமல் கிடப்பில் விட்டார்கள். அந்தத் தெருவில் காலையில் பாவு நூலை நீளமாக விரித்துக் கட்டித்தான் சிக்கெடுக்க வேண்டும். பள்ளத்துக்கு மேலே பாவு விரிக்க முடியாது. தறியில் ஏற்கெனவே ஏற்றியிருந்த பாவு தீர்ந்தால் தெருவில் தறி வைத்திருந்த எல்லாருக்கும் வேலை நின்றுவிடும். ஆளாளுக்கு வாசலில் நின்று ஆதங்கப்பட்டார்கள். பள்ள வேலையை மேற்பார்க்கிற ஆள் ஒருநாள் தெருமுனையில் பைக்கை நிறுத்தி, போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

சங்கரி வாசலுக்கு வந்து அவரைக் கூப்பிட்டாள். முதல் தடவை அவர் திரும்பவில்லை. இரண்டாவது தடவை குரல் நடுவில் உடைந்தது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. தினகரன் நிறுத்தவில்லை. அவள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து எடுத்து மூன்றாவது தடவை கூப்பிட்டாள். அந்த ஆள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் வந்து நிற்பதற்குள் அவள் பாதி நியாயத்தைக் கேட்டு முடித்திருந்தாள்.

"இன்னாமா இது, காது கிழியுது," என்றார் அவர். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்."

சங்கரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது கோபமா சிரிப்பா என்று அந்த ஆளுக்கு விளங்கவில்லை.

"முடியாது," என்றாள். விட்ட இடத்திலிருந்து இல்லை, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.